தாய்லாந்துக் கிராமங்களில் தங்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாய்லாந்து என்றால் கடற்கரை, கடைவீதி, மசாஜ் என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், "அங்கே கிராமத்து வாழ்க்கை எப்படி இருக்கும், போய்ப் பார்க்க முடியுமா?" என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்து, எனக்குத் தெரிந்த பதிலையும் எழுதியிருக்கிறேன். வடகிழக்குப் பகுதிதான் எனக்கு நெருக்கமானது. அதனால் பதில்களும் அந்தப் பக்கமே சாயும்.

பாங்காக், பட்டாயா, புக்கெட் எல்லாம் போதும். கிராமம் பார்க்கணும்னா எந்தப் பக்கம் போகணும்?

ஈசான் பக்கம் போங்கள். நாட்டின் வடகிழக்கில் உள்ள 20 மாகாணங்களைச் சேர்த்து அப்படிச் சொல்வார்கள். நிலப்பரப்பிலும் மக்கள்தொகையிலும் தாய்லாந்தின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இங்கேதான். வடக்கிலும் கிழக்கிலும் மேக்கோங் ஆறு, அக்கரையில் லாவோஸ். தெற்கே கம்போடியா. கோராட் என்று எல்லாரும் சொல்லும் நக்கோன் ராட்சசீமா, கோன் கேன், உடோன் தானி, உபோன் ராட்சதானி ஆகியவை பெரிய நகரங்கள். அவற்றைத் தாண்டிவிட்டால் வயலும் குளமும் புத்தர் கோயிலும்தான். வெளிநாட்டுப் பயணிகளில் மிகக் குறைவானவர்களே இங்கு வருகிறார்கள்.

மலைதான் வேண்டும் என்றால் வடக்கே நான் என்ற பெயருள்ள மாகாணத்தில் புவா, உப்புக் கிணறுகள் இருக்கும் போ குலுயா இரண்டும் நல்ல தேர்வு. தெற்கில் நக்கோன் சி தம்மராட் மாகாணத்தின் கிரிவோங் மலையடிவாரப் பழத்தோட்ட ஊர். புக்கெட்டுக்குப் பக்கத்திலேயே உள்ள கோ யாவ் நோய் தீவில் முஸ்லிம் மீனவக் குடும்பங்களோடு தங்கலாம். இனி வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஊர்களுக்கும் பொருந்தும்.

ஈசான்ல பார்க்க என்ன இருக்கு? தேடினா பெரிசா ஒண்ணும் வரலையே.

இருக்கிறது. புரிராம் மாகாணத்தில் பனோம் ருங் என்ற, கெமர் (பழைய கம்போடியப் பேரரசு) காலத்துச் சிவன் கோயில், அணைந்த எரிமலை ஒன்றின் உச்சியில் நிற்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் உதிக்கும் சூரியன் அதன் 15 வாசல்களின் வழியே நேராகத் தெரியும். பள்ளிகொண்ட பெருமாள் செதுக்கப்பட்ட அதன் நிலைக்கல் காணாமல் போய், அமெரிக்காவின் சிகாகோவில் இருப்பது தெரிந்து, தாய் மக்கள் போராடி 1988-இல் திரும்ப வாங்கினார்கள். உடோன் தானி அருகே பான் சியாங், 1992-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. சிவப்புக் கோலம் தீட்டிய அதன் பழம்பானைகள் புகழ்பெற்றவை.

ஆனால் இவை எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று நாள் வேலைதான். இடம் இடமாகத் தாவுவதற்கு ஈசான் ஏற்ற ஊரில்லை. ஒரு கிராமத்தைப் பிடித்து, அங்கேயே சில இரவுகள் இருந்தால்தான் அது பிடிபடும்.

ஒரே ஊர்ல மூணு நாலு நாள் என்ன பண்றது? போரடிக்காதா?

ஊரின் ஒரு நாளைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள். விடிவதற்கு முன்பே அடுப்பு எரியும். முந்தைய இரவு ஊறப்போட்ட ஒட்டும் அரிசியைக் கூம்பு வடிவ மூங்கில் கூடையில் கொட்டி, குறுகிய வாய்ப் பானை மேல் வைத்து ஆவியில் வேகவைப்பார்கள். வெந்ததும் மரத்தட்டில் கிளறி ஆவி போக்கி, மூடி போட்ட சின்னக் கூடைகளில் அடைப்பார்கள். அன்றைக்கு முழுக்க அந்தச் சோறுதான். இதற்குள் ஊர்த்தலைவர் ஒலிபெருக்கியில் பேச ஆரம்பித்திருப்பார்: தடுப்பூசி நாள், உரம் வந்த செய்தி, யார் வீட்டில் விசேஷம் எல்லாம் அதில் வரும். ஆறு மணி வாக்கில் பிக்குகள் வரிசையாக வெறுங்காலுடன் வருவார்கள். ஈசானில் அவர்கள் பாத்திரத்தில் பெரும்பாலும் சோற்றை மட்டும்தான் இடுவார்கள். குழம்பு, கூட்டு வகைகளைப் பெண்கள் அப்புறம் கோயிலுக்கே எடுத்துப் போவார்கள். கூடப் போனால் கோயில் மண்டபத்தில் ஊரே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். பிக்குகள் சாப்பிட்டு முடித்ததும் மீதியை எல்லாரும் சேர்ந்து உண்பார்கள். உங்களுக்கும் இடம் போடுவார்கள்.

பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும். பழைய பாணி வீடுகள் மரத்தூண்கள் மேல் நிற்பவை. அடியில் உள்ள திறந்த நிழலில்தான் பகல் வாழ்க்கை நடக்கும். தறி, ஊஞ்சல் தொட்டில், மூங்கில் கட்டில், கோழிகள் எல்லாம் அங்கேதான். சூரின் பக்கத்து ஊர்களிலும் கோன் கேனின் சொன்னபோட்டிலும் நெய்வது பட்டு. நூலை முதலில் கட்டுக்கட்டாக முடிந்து சாயம் தோய்த்து, பிறகு நெய்து பூவேலை கொண்டுவருவார்கள். அந்த முடிச்சுப் போடும் கணக்கைப் பார்க்கவே ஒரு பகல் போதாது. சிவப்புக்கு அரக்கு, நீலத்துக்கு அவுரி. சக்கோன் நக்கோன் மாகாணம் அவுரிச் சாயத்துக்குப் பேர் போனது, விரல் நீலமாகாத பாட்டிகளை அங்கே தேடத்தான் வேண்டும்.

மாலையில் மாடு திரும்பும். குளத்தங்கரையில் வலை வீசுவார்கள். கீரை பறிக்கக் கூப்பிடுவார்கள். பாய் விரித்து நடுவில் தட்டுகளை வைத்து எல்லாரும் சுற்றி உட்கார்ந்து இரவுச் சாப்பாடு. எட்டரை ஒன்பதுக்கு ஊர் அடங்கிவிடும். முதல் நாள் எல்லாரும் உங்களை விருந்தாளியாக உட்கார வைப்பார்கள். மூன்றாம் நாள் கத்தியையும் பூண்டையும் கையில் கொடுத்து நறுக்கச் சொல்வார்கள். அந்த மூன்றாம் நாளுக்காகத்தான் தங்கச் சொல்கிறேன்.

எந்த மாசம் போனா நல்லது?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர்ச்சி, மழை இல்லை. நவம்பர், டிசம்பரில் அறுவடை. மார்ச் முதல் மே வரை கடும் வெயில். மே நடுவிலிருந்து அக்டோபர் வரை மழை. பச்சை வயல் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஜூலை, ஆகஸ்டில் போகலாம். சேறும் அட்டையும் பழகியவர்களுக்கு அது அருமையான காலம். வடக்கு மலைப்பகுதிக்கு மட்டும் பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் வரை போக வேண்டாம். காட்டையும் வயலையும் எரிக்கும் புகையில் மூச்சு முட்டும்.

திருவிழாவை ஒட்டிப் போனால் இன்னும் நல்லது. ஈசானில் மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு சடங்குகள் உண்டு. பிப்ரவரி, மார்ச்சில், புத்தரின் முற்பிறவிக் கதையான வெஸ்ஸந்தர ஜாதகத்தின் 13 அத்தியாயங்களையும் ஒரே நாளில் கோயிலில் படிப்பார்கள். அந்தக் கதை தீட்டிய நீண்ட துணியை ஊரே சேர்ந்து ஊர்வலமாகத் தூக்கி வரும், வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு போடும். மே மாதத்தில் மழைதெய்வத்தை எழுப்ப ராக்கெட் விடுவார்கள். யாசோதோன் நகரத்து விழா பெரியது என்றாலும், சின்ன ஊர்களின் ராக்கெட் விழாவே எனக்குப் பிடிக்கும். ராக்கெட் சரியாகக் கிளம்பாவிட்டால் செய்தவரைச் சேற்றில் தள்ளிக் கொண்டாடுவார்கள். ஏவுமேடைக்கு வெகு தூரத்திலேயே நில்லுங்கள், வெடித்து உயிர் போன சம்பவங்கள் உண்டு.

பாங்காக்ல இருந்து எப்படிப் போறது? கிராமம் வரைக்கும் பஸ் போகுமா?

நகரம் வரை எளிது. உபோன் ராட்சதானிக்கும் நோங் காய்க்கும் இரவு ரயில் உண்டு. 2023 ஜனவரி முதல் நெடுந்தூர ரயில்கள் க்ருங் தெப் அபிவாட் என்ற புதிய நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. பழைய ஹுவா லாம்போங்குக்குப் போய் நிற்காதீர்கள். பேருந்துக்கு மோ சிட் நிலையம். கோன் கேன் சுமார் 450 கிலோமீட்டர், ஆறேழு மணி நேரம்.

நகரத்திலிருந்து வட்டாரத் தலைநகர் வரை சின்ன பஸ்ஸோ வேனோ கிடைக்கும். அதற்கப்புறம் சோங்தேவ். பின்னால் இரண்டு வரிசை பெஞ்சு போட்ட வண்டி அது. காலையில் சந்தைக்கு வரும், மதியத்துக்குள் ஊர் திரும்பும். சாயங்காலம் வட்டாரத் தலைநகரில் போய் இறங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். தங்கப்போகும் வீட்டுக்காரர்களிடம் முன்பே நேரம் சொல்லிவிட்டால் பெரும்பாலும் யாராவது பிக்கப் வண்டியோடு வந்து நிற்பார்கள்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்துக்கிட்டா வேலை முடிஞ்சதே?

நம் ஊரில் வாங்கிய பைக் ஓட்டும் உரிமமும், அந்த வகையைக் குறிப்பிட்ட சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இருந்தால் சரி. கார் உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டி விபத்தானால் பயணக் காப்பீடு பணம் தராது. சாலை நம்மைப் போல இடப்பக்கம்தான். ஆனால் வேகம் அதிகம். இருசக்கர வாகன விபத்தில் இறப்பவர்கள் அதிகமுள்ள நாடுகளில் தாய்லாந்தும் ஒன்று. இருட்டிய பின் ஓட்டவே ஓட்டாதீர்கள். விளக்கில்லாத உழவு வண்டிகளும், டிசம்பர் தொடங்கிக் கரும்பு ஏற்றிப் பிதுங்கி வரும் லாரிகளும், நடுரோட்டில் படுத்திருக்கும் நாய்களும் இருக்கும்.

தங்க லாட்ஜ் இருக்குமா? ஹோம்ஸ்டேன்னா யார் வீட்லயோ போய்ப் படுக்கணுமா?

வட்டாரத் தலைநகரங்களில் சின்ன ரிசார்ட் என்ற பெயரில் வரிசை அறைகள் உண்டு. கிராமத்துக்குள் ஹோம்ஸ்டேதான். ஆம், ஒரு குடும்பத்தின் வீட்டில்தான் தங்குவீர்கள். தரையில் மெத்தை, கொசுவலை, மின்விசிறி இருக்கும். குளியலறையில் தொட்டித் தண்ணீரும் கிண்ணமும். நமக்கு இது புதிதில்லை. இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்தே வாடகை.

அரசின் சுற்றுலாத் துறை வீடுகளைச் சோதித்து ஹோம்ஸ்டே தரச்சான்று தருகிறது. சான்று பெற்ற ஊர்களில் தொடங்குவது நல்லது. கோராட் அருகே பான் பிரசாட் நல்ல தொடக்கம். ஊருக்கு நடுவிலேயே தொல்பழங்காலப் புதைகுழிகளைத் தோண்டியெடுத்துத் திறந்து வைத்திருக்கிறார்கள். வடக்கே போகிறவர்களுக்குச் சுக்கோதாய் மாகாணத்தின் பான் நா டோன் சான். லாவோஸ் எல்லைப் பக்கம் முக்தாஹான் மாகாணத்தில் பான் பூ, இது பூ தாய் இன மக்களின் ஊர். புரிராமில் கெமர் கோயிலான முவாங் தம் பக்கத்திலேயே பான் கோக் முவாங்.

எவ்வளவு பணம்? பேரம் பேசலாமா?

தலைக்கு ஓர் இரவு சில நூறு பாத், சாப்பாட்டோடு. தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். பல ஊர்களில் விருந்தாளிகளை வீடு வீடாக முறைவைத்து அனுப்புவார்கள், வாடகையில் ஒரு பங்கு ஊர்ப் பொதுநிதிக்குப் போகும். துணி விலையும் அப்படித்தான். முடிச்சுப் பட்டு ஒன்றை நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். சந்தையில் கொஞ்சம் கேட்டுப் பார்க்கலாம், தறிக்கு முன் உட்கார்ந்திருப்பவரிடம் வேண்டாம்.

வெளிநாட்டு அட்டைக்கு ஏடிஎம்மில் ஒவ்வொரு முறையும் 220 பாத் அல்லது அதற்கு மேல் பிடிப்பார்கள். நகரத்திலேயே ஒரே தடவையாக எடுத்து, 20, 100 பாத் தாள்களாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்துக் கடையில்கூடக் கியூஆர் ஒட்டியிருக்கும், ஆனால் அது தாய் வங்கிக் கணக்குக்கானது.

தாய் மொழி ஒரு வார்த்தை தெரியாது. ஆங்கிலம் பேசுவாங்களா?

பெரும்பாலும் பேசமாட்டார்கள். வீட்டுக்குள் அவர்கள் பேசுவது தாய்கூட இல்லை, லாவோவை ஒட்டிய ஈசான் பேச்சு. சூரின், சிசாகேட், புரிராம் பக்கம் கெமரும் குய் மொழியும் புழங்கும். மொழிபெயர்ப்புச் செயலி தாய்க்கு ஓரளவு உதவும். ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முறைவைத்துக் கூப்பிடுவது நம் ஊர் போலத்தான் என்பதால் அதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டு அம்மா "மே", ஐயா "போ". மூத்தவர் "பீ", இளையவர் "நோங்". வயதான பாட்டி "யாய்", தாத்தா "தா". வாக்கிய முடிவில் ஆண்கள் "க்ரப்", பெண்கள் "கா" சேர்த்தால் மரியாதை. சாப்பாடு நன்றாக இருந்தால் "சேப்" என்று சொல்லிப் பாருங்கள். அது ஈசான் சொல், அடுப்படியே சிரிக்கும்.

நான் சுத்த சைவம். பட்டினிதானா?

பட்டினி இல்லை, ஆனால் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். பிரச்சினை கறியில் இல்லை. நாம் பப்பாளிச் சாலட் என்று நினைக்கும் சோம் தாமில் மீன் சாஸ் இருக்கும், ஈசானில் கூடவே ஊறவைத்த மீன் குழம்பான பிளா ராவும் இருக்கும். மிளகாய்த் துவையலில் இறால் விழுது, கீரையில் சிப்பி சாஸ். "மங்சவிராட்" என்றால் சைவம், ஆனால் முட்டை, மீன் சாஸ் நுழைந்துவிடலாம். "கின் ஜே" என்று சொல்லுங்கள். அது சீன பௌத்த வழக்கப்படியான கடும் சைவம், மீன் சாஸும் கிடையாது. வெங்காயம் பூண்டும் அதில் சேராது, உங்களுக்கு அவை ஓகே என்றால் தனியாகச் சொல்லிவிடுங்கள். "மாய் சாய் நாம் பிளா, மாய் சாய் பிளா ரா" என்று சேர்த்துச் சொன்னால் இரண்டும் வேண்டாம் என்று விளங்கிவிடும்.

ஒட்டும் அரிசிச் சோறு, அவித்த காய்கள், சுட்ட சர்க்கரைவள்ளி, முட்டை சாப்பிடுபவர் என்றால் பொரித்த முட்டை, பழங்கள் எல்லாம் நிச்சயம் கிடைக்கும். பையில் பருப்புப்பொடி ஒரு பொட்டலம் இருக்கட்டும். சூடான ஒட்டும் சோற்றை உருட்டி அதில் தொட்டுச் சாப்பிட்டால் அமிர்தம். வீட்டாருக்கும் கொடுங்கள், காரம் அவர்களுக்குப் பிடிக்கும்.

அசைவம் சாப்பிடுவேன். கொடுக்கிறதை எல்லாம் சாப்பிடலாமா?

வெந்ததை எல்லாம் சாப்பிடலாம். வறுத்த வெட்டுக்கிளி, பட்டு நூற்ற பின் மிஞ்சும் கூட்டுப்புழு, வெயில் காலத்தில் மாமரத்திலிருந்து இறக்கும் செவ்வெறும்பு முட்டை எல்லாமே சுவையானவை. செவ்வெறும்பு முட்டைக் குழம்பின் புளிப்பு நாக்கில் நிற்கும்.

பச்சையாக உள்ளதை மட்டும் தொடாதீர்கள். இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன். நன்னீர் மீனைப் பச்சையாகக் கொத்தி எலுமிச்சையும் மிளகாயும் போட்டுக் கொடுப்பது "கோய் பிளா". அதில் கல்லீரல் தட்டைப்புழு இருக்கலாம். பித்தநாளத்தில் பல ஆண்டுகள் தங்கிப் புற்றுநோயை உண்டாக்கும். பித்தநாளப் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாக இருப்பது இந்த வடகிழக்கில்தான். எலுமிச்சையோ சாராயமோ அந்தப் புழுவைக் கொல்லாது, நெருப்புதான் கொல்லும். பச்சைப் பன்றி இறைச்சியும் இரத்தமும் கலந்த பண்டத்தால் மூளைக்காய்ச்சல் வந்து காது கேளாமல் போனவர்கள் உண்டு. "சுக்" என்றால் வெந்தது, "டிப்" என்றால் பச்சை. "கின் சுக்" என்று சிரித்தபடியே சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

வீட்டுக்குள்ளேயும் கோயில்லயும் எப்படி நடந்துக்கணும்?

செருப்பு வெளியே. தலை உயர்ந்தது, கால் தாழ்ந்தது: யார் தலையையும் தொடாதீர்கள், புத்தர் சிலைக்கோ மனிதருக்கோ கால் நீட்டாதீர்கள். உட்கார்ந்திருக்கும் பெரியவரைத் தாண்டும்போது சற்றுக் குனிந்து போங்கள். பெண்கள் பிக்குவைத் தொடக்கூடாது, எதையும் நேராகக் கையில் கொடுக்கவும் கூடாது. அவர் விரிக்கும் துணியில் வைக்கலாம். கோயிலுக்குத் தோளும் முட்டியும் மறைய உடுத்துங்கள். அரசர், அரச குடும்பம் பற்றி விமர்சனமாக ஒரு வார்த்தையும் பேசாதீர்கள், அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

உங்களை வரவேற்கவோ வழியனுப்பவோ வாழையிலைக் கூம்பு வைத்து, பெரியவர் மந்திரம் சொல்லி, எல்லாரும் உங்கள் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டலாம். உடலை விட்டு அலையும் உயிர்களை அழைத்துக் கட்டிவைக்கும் சடங்கு அது. குறைந்தது மூன்று நாள் அந்த நூலை வெட்டாமல் வைத்திருங்கள்.

வயல்ல இறங்கி நாத்து நடலாமா? அறுவடைக்கு உதவலாமா?

வீட்டாரோடு ஒரு காலை நேரம் இறங்கிப் பார்ப்பதில் தவறில்லை, சந்தோஷப்படுவார்கள். ஆனால் கூலிக்கோ, தங்கும் இடத்துக்கு ஈடாகவோ, தொண்டு என்ற பெயரில் வாரக்கணக்கிலோ வேலை செய்தால் பணி அனுமதி வேண்டும். சுற்றுலா அனுமதியில் வந்தவர் அப்படிச் செய்வது குற்றம். அதுபோன்ற விளம்பரங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

இன்னொன்று. நடவுப் பாட்டும் வரிசை வரிசையான பெண்களும் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால், பல ஊர்களில் நேர்விதைப்பும் அறுவடை எந்திரமும்தான் இருக்கும். ஒருவர் வயலில் ஊரே கூடி வேலை செய்து மாற்றிக்கொள்ளும் பழைய முறை அருகிவிட்டது. காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது. ஐந்து மாகாணங்களில் பரந்து கிடக்கும் துங் குலா ரோங்ஹாய் சமவெளியில் மட்டும் அறுவடை நேரத்தில் நின்று பாருங்கள். உலகம் விரும்பி வாங்கும் மல்லிகை அரிசி அங்கே விளைகிறது. விற்க அந்த அரிசி, வீட்டுக்கு ஒட்டும் அரிசி என்று இரண்டும் பயிரிடும் குடும்பங்கள் ஏராளம்.

ஊர்ல தாத்தா பாட்டியும் குழந்தைங்களும்தான் இருக்காங்க. நடுவயசுக்காரங்க எங்கே?

பாங்காக்கிலும் கிழக்குக் கடற்கரைத் தொழிற்சாலைகளிலும், கொரியா, தைவான், இஸ்ரேல் போன்ற நாடுகளிலும் இருக்கிறார்கள். ஈசான் மண் மணல் கலந்தது, சில இடங்களில் உப்பு. பாசனம் குறைவு. மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகம். அந்த வருமானம் போதாமல் தலைமுறைகளாக வெளியே போகிறார்கள். நீங்கள் பாங்காக்கில் ஏறிய டாக்சியை ஓட்டியவர் இந்த ஊர்க்காரராக இருக்க நல்ல வாய்ப்புண்டு. பேரக்குழந்தைகளை வளர்ப்பது பாட்டிகள். வழக்கமாகக் கடைசி மகள் பெற்றோரோடு இருந்து வீட்டைப் பெறுவாள், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார்.

ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான் புத்தாண்டுக்கு எல்லாரும் திரும்புவார்கள். அந்த வாரம் ஊரே வேறாக இருக்கும். இளையவர்கள் பெரியவர்களின் கையில் வாசனைத் தண்ணீர் ஊற்றி ஆசி வாங்குவதை நகரத்துத் தண்ணீர்த் துப்பாக்கிக் கூட்டத்தில் பார்க்க முடியாது. ரயில், பஸ் டிக்கெட்டை மட்டும் வெகு முன்னதாக எடுத்துவிடுங்கள்.

பொண்ணு தனியா போகலாமா?

போகலாம். வீட்டை நடத்துவதும் ஹோம்ஸ்டே குழுவை நடத்துவதும் பெரும்பாலும் பெண்களே. ஏன் தனியாக வந்தாய், கல்யாணம் ஆகிவிட்டதா என்று எல்லாரும் கேட்பார்கள், அக்கறைதான். சாராயம் புரளும் திருவிழா இரவுகளில் வீட்டுப் பெண்களோடு சேர்ந்தே இருங்கள். சுற்றுலாக் காவல்துறை எண் 1155, ஆம்புலன்ஸ் 1669.

கம்போடியா எல்லைல சண்டைன்னு செய்தி வந்ததே? ஈசான் பாதுகாப்பா?

2025 ஜூலையில் ஐந்து நாள் சண்டை நடந்தது, டிசம்பரில் மறுபடி மூண்டது. பாதிப்பு உபோன், சிசாகேட், சூரின், புரிராம் மாகாணங்களின் எல்லையோர வட்டாரங்களில். தா முவன் தோம், பிரேயா விஹார் போன்ற எல்லைக் கோயில்கள் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். புறப்படும் வாரத்தில் இந்தியத் தூதரக அறிவிப்பைப் பாருங்கள். கோன் கேன், ரோய் எட், சக்கோன் நக்கோன், நக்கோன் பனோம் எல்லாம் அங்கிருந்து வெகு தூரம். தெற்கே மலேசிய எல்லையில் பட்டானி, யாலா, நராதிவாட் மாகாணங்களில் 2004 முதல் வன்முறை தொடர்கிறது, அவையும் வேண்டாம்.

வீட்ல தங்கினா குடிவரவுத் துறைக்குச் சொல்லணுமாமே? நமக்குப் பிரச்சினை வருமா?

சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர். வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஹோட்டல்கள் தாமாகவே செய்துவிடும். பதிவுபெற்ற ஹோம்ஸ்டே குழுவும் வழக்கமாகச் செய்யும். வழியில் பழகியவர் தன் வீட்டுக்கு அழைத்தால்தான் சிக்கல். அவருக்கு இந்த விதி தெரியாமலே இருக்கலாம், அபராதமும் அவருக்குத்தான். பாஸ்போர்ட் நகலைக் கொடுத்து நீங்களே நினைவூட்டுங்கள். 2025 மே 1 முதல் வருகை அட்டையும் இணையத்தில்தான். வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள், கட்டணமின்றி நிரப்பலாம்.

வீடியோ எடுக்கலாமா? ட்ரோன்?

கேட்டுவிட்டு எடுங்கள். குழந்தைகளை எடுக்கப் பாட்டியின் சம்மதம் வாங்குங்கள். ட்ரோனுக்கு விமானப் போக்குவரத்து ஆணையத்திலும் தொலைத்தொடர்பு ஆணையத்திலும் பதிவு வேண்டும், எல்லைப் பக்கம் எடுக்கவே எடுக்காதீர்கள். எடுத்த படங்களை லைன் செயலியில் அனுப்பி வையுங்கள், அங்கே எல்லாரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அச்சுப் போட்டுத் தபாலில் அனுப்பினால் அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டிவிடுவார்கள்.

கழுத்துல வளையம் போட்ட பெண்கள் இருக்கிற கிராமத்துக்கு டூர் கூட்டிப் போறாங்க. போகலாமா?

நான் போகச் சொல்லமாட்டேன். அவர்கள் கயான் மக்கள். மியன்மாரின் கயா மாநிலத்துச் சண்டையிலிருந்து 1980களின் கடைசி முதல் மே ஹோங் சோன் மாகாணத்துக்கு வந்த அகதிகள். நுழைவுச் சீட்டு வாங்கி, படமெடுத்து, அரை மணியில் திரும்புவதாகவே அந்தப் பயணங்கள் பெரும்பாலும் இருக்கின்றன. வேறு நாட்டில் குடியேற இடம் கிடைத்த கயான் பெண்களுக்குக்கூட வெளியேற அனுமதி தராமல் வைத்திருந்ததை 2008-இல் ஐநா அகதிகள் அமைப்பு கண்டித்தது. மே ஹோங் சோன் போவதே தவறு என்று சொல்லவில்லை. சீட்டு வாங்கி மனிதர்களைப் பார்க்கும் ஏற்பாடு வேண்டாம் என்கிறேன்.

நாமளும் கூட்டமா போக ஆரம்பிச்சா அந்த ஊரும் கெட்டுப் போயிடாதா?

ஆகும். சியாங் மாய் அருகே மே கம்போங் ஒரு காலத்தில் தேயிலை விளைவிக்கும் அமைதியான மலையூர், இன்றைக்கு விடுமுறை நாளில் கார் நிறுத்த இடமில்லை. மேக்கோங் கரையில் மரவீடுகள் வரிசையாக நின்ற சியாங் கான் இரவுக் கடைத்தெருவாகிவிட்டது. ஊர்க்காரர்களில் வருமானம் கண்டவர்கள் உண்டு, வாடகை ஏறி விலகியவர்களும் உண்டு. எனவே நான்கைந்து பேருக்கு மேல் சேர்ந்து போகாதீர்கள், வார நடுவில் போங்கள், ஊர்க்குழு வழியாகவே பதிவு செய்யுங்கள். பள்ளிக்கூடத்தில் மிட்டாய், பணம் வழங்காதீர்கள். கொடுக்க மனமிருந்தால் ஊர்த்தலைவரிடமோ கோயில் குழுவிடமோ கேட்டு, அவர்கள் சொல்வதற்குக் கொடுங்கள்.

நாங்க தங்கியிருக்கும்போது ஊர்ல சாவு விழுந்துட்டா? ஒதுங்கி இருக்கணுமா?

ஒதுங்க வேண்டாம். உங்களையும் அழைப்பார்கள், போவதுதான் முறை. உடலைச் சில நாள் வீட்டிலேயே குளிர்ப்பெட்டியில் வைத்திருப்பார்கள். இரவில் பிக்குகள் வந்து ஓதுவார்கள். அக்கம்பக்கத்தார் எல்லாரும் அங்கேயே சமைத்து, அங்கேயே உண்டு, விடிய விடியத் துணை இருப்பார்கள். சீட்டாட்டமும் சிரிப்பும்கூட இருக்கும், வீட்டாரைத் தனியே விடாமல் இருப்பதற்கான வழி அது. கறுப்பு அல்லது வெள்ளை உடுத்துங்கள். கவரில் 100, 200 பாத் வைத்து மேலே உங்கள் பெயரை எழுதி, வாசலில் உட்கார்ந்து கணக்கு எழுதுபவரிடம் கொடுங்கள். கோயிலில் எரியூட்டும் மதியத்தில் மரச்சீவலில் செய்த சிறு பூ ஒன்றைக் கையில் தருவார்கள். வரிசையில் போய் அதைப் பெட்டியருகே வைத்து வணங்கிவிட்டு இறங்கலாம். சமையல் நடக்கும் இடத்தில் கை குறைவாகத்தான் இருக்கும், மற்ற நேரங்களில் அங்கே போய்க் காய் நறுக்குங்கள்.